பாட்டிலில் சேராத ஒன்பது கம்பிகள்

எங்கள் கட்டுமானத் தளத்தில் எல்லோரும் ‘மினி லிஃப்ட்’ என்று அழைத்த எந்திரம் உண்மையில் லிஃப்ட் அல்ல. தரையில் ஒரு வின்ச், அதாவது வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் மோட்டார். ஐந்தாம் தளத்தின் விளிம்பில் நட்ட இரும்புக் கம்பத்தில் கதவுபோலத் திரும்பும் ஒரு கை. அந்தக் கையின் நுனியில் ஒரு கப்பி. கப்பியின் மேல் ஏறி இறங்கும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் எஃகு வடம். வடத்தின் முனையிலுள்ள கொக்கியில் கல்லோ கலவையோ ஏற்றிய தள்ளுவண்டியை மாட்டுவார்கள். கீழே இருப்பவர் பொத்தானை அழுத்துவார். வண்டி மேலே வந்ததும், அங்கே நிற்பவர் கொக்கிக்குச் சற்று மேலே வடத்தைக் கையால் பற்றி உள்ளே இழுத்துக்கொள்வார். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் பலவற்றில் இன்றும் இதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரு வடத்தின் பொருட்டு ஒருவர் தன் வேலையையும், அந்தத் தொழிலில் தனக்கிருந்த பெயரையும் இழந்தார். குற்றம் அவருடையதல்ல, என்னுடையது. அதை எவ்வளவு தாமதமாக, எவ்வளவு அரைகுறையாக ஒப்புக்கொண்டேன் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

அப்போது நான் அந்தத் தளத்தின் பாதுகாப்பு அலுவலர். தொழிலகப் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தேன்; தாம்பரத்தில் வாடகை வீடு. படித்த படிப்பு கூலி வேலை செய்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மெய்யாகவே இருந்தது. பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் போடவைக்க ஒன்றரை மாதம் அலுவலகத்துக்கும் தளத்துக்கும் நடந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தரும் தகரக் கூரை, குடிநீர் கேன், காலணி என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். என் மேசையில் முதலுதவிப் பதிவேடு ஒன்று இருந்தது. யாருக்குச் சிறு கீறல் விழுந்தாலும் அதில் எழுதுவேன். மாதக் கடைசியில் பக்கம் வெறுமையாக இருந்தால் மகிழ்வேன். அந்த மகிழ்ச்சியைப் பற்றி எனக்குப் பின்னால் நிறையச் சந்தேகங்கள் வந்தன.

வடங்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் நிறுவனத்தில் தனி ஆள் இல்லை. பல்லாவரத்திலிருந்து ஒருவர் ஒப்பந்தத்தில் வருவார். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். அந்த வட்டாரத்தில் ஆறு தளங்களின் வின்ச்சுகள் அவர் பொறுப்பில் இருந்தன. சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருவார். இறங்குவதற்கு முன்பே வின்ச் ஓட்டுபவரைச் சீண்டத் தொடங்கிவிடுவார்.

“இன்னாண்ணா, ரோப்ப டிரம்முல சுத்தச் சொன்னா இடியாப்பம் புழிஞ்சு வெச்சுகிற?”

“வந்துட்டல்ல, நீயே துன்னு,” என்பார் ஐம்பது வயதை நெருங்கிய அந்த ஓட்டுநர், முகத்தைத் திருப்பாமலேயே.

பாய் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை வடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வின்ச்சை மெதுவாக ஓட்டச் சொல்வார். உடைந்த கம்பி எங்காவது துருத்திக்கொண்டிருந்தால் அது துணியின் நூலைப் பற்றி இழுக்கும். அங்கே நிறுத்துவார். அந்தக் கம்பியை அவர் வெட்டுவதில்லை. முனையைப் பிடித்து முன்னும் பின்னுமாக மடக்கி, பல கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய இரண்டு புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அது தானாக ஒடியும்படி செய்வார். பிளேயரால் வெட்டினால் கூரான ஒரு கட்டை மிஞ்சும், அது பக்கத்துக் கம்பிகளை அறுக்கும் என்பார். ஒடித்த துண்டை ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போடுவார். வடத்துக்கு ஒரு பாட்டில். வடம் மாறினால் பாட்டில் காலியாகும். அந்த வடம் இதுவரை எவ்வளவு இழந்திருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பாட்டிலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆயுத பூசையன்று வின்ச்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவர்கள் அந்த பாட்டிலுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பாய் அதை அழிக்கவில்லை.

“ஒரு முறுக்குல ஆறு, இல்லன்னா ஒரே புரியில மூணு. அதோட ரோப்ப கழட்டிடணும் மேடம். அடுத்தது எப்ப உடையும்னு ரோப்பு வந்து நம்ம கிட்ட சொல்லிகினு இருக்காது.”

முறுக்கு என்பது, ஒரு புரி வடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் நீளம். எங்கள் வடத்தில் அது நான்கு விரல் அகலம். அவர் சொன்ன விதி நான் கல்லூரியில் படித்த விதிதான். அதற்கான காரணத்தையும் படித்திருந்தேன். வடத்தில் ஒரு கம்பி உடைந்தால் அது முற்றிலும் வீணாகிவிடுவதில்லை. அக்கம்பக்கத்துக் கம்பிகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால், உடைந்த இடத்திலிருந்து மூன்று நான்கு முறுக்குத் தள்ளி அது மறுபடி தன் பங்குச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நூறடி வடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கம்பிகள் உடைந்திருந்தாலும் வடம் பெரிதாகத் தளர்ந்துவிடாது. அதே எண்ணிக்கையில் பாதி ஒரே இடத்தில் உடைந்திருந்தால், அந்த நான்கு விரல் அகலத்தில் மிஞ்சியிருக்கும் கம்பிகள்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அவை சீக்கிரம் களைக்கும். ஒன்று போனால் அடுத்தது இன்னும் விரைவில் போகும். இதை மனிதர்களுக்குப் பொருத்திப் பேசும் ஆசை எனக்கு அவ்வப்போது வருவதுண்டு. பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இது தொடங்கியது. ஐந்தாம் தளத்தில் தள்ளுவண்டியை உள்ளே இழுப்பவர் ஓர் அக்கா. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். முன்பு மீன் விற்றவர். அன்று வலது உள்ளங்கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவிழ்த்துப் பார்த்தால் குறுக்காக ஒரு கிழிசல், ரத்தம் நிற்கவில்லை.

“கையுறை போட்டுக்கலையாக்கா?”

“அத்த மாட்டிகினா புடி நிக்கல கண்ணு. ரோப்பு வழுக்குது.”

“எந்த இடத்துல குத்துச்சு?”

“கொக்கிக்கு மேல, நா புடிக்கிற எடத்துலதான். ஒண்ணா ரெண்டா, மொளச்சு நிக்குது கொத்தா. வுடு, கெளுத்தி முள்ளு குத்தின கையி இது. இதுக்குப் போயி பேஜாராவுற.”

மருந்து வைத்துக் கட்டும்போது, இதே கையால்தான் அவர் மறுபடி அந்த வடத்தைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பதிவேட்டின் அந்த மாதப் பக்கம் அதுவரை வெறுமையாக இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது என்னை மேலே ஏறவைத்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வின்ச் ஓட்டுபவரைப் பிளேயருடன் ஐந்தாம் தளத்துக்கு வரச் சொன்னேன். அவர் வடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாய் வரட்டுமே மேடம். அவுரு இத்த வேற மாரி பண்ணுவாரு.”

“சனிக்கிழமை வரைக்கும் அக்கா கை கிழியட்டுமாண்ணா? வெட்டுங்க. நான் சொல்றேன்ல.”

“துண்ட எட்துனு போயி பாட்டில்ல போட்டுறவா?”

“அதெல்லாம் அவர் வந்து பாத்துக்கட்டும்.”

ஒன்பது முறை பிளேயர் கடித்தது. துண்டுகள் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே மணலில் விழுந்தன. பிறகு வடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எதுவும் குத்தவில்லை.

ஒன்பது என்பதை நான் எண்ணினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி: மொத்தம் நூற்றுப் பதினான்கு. அதில் ஒன்பது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்றும் சுமையைப்போல் ஐந்து மடங்கு தாங்கும் என்று கணக்கிட்டு வாங்கிய வடம் அது. ஐந்து மடங்கிலிருந்து ஒரு சிறு பங்கு குறைந்தால் என்ன ஆகிவிடும்? இந்தக் கணக்கை அங்கேயே நின்று மனதில் போட்டேன். வகுத்தல் சரி, எதை எதனால் வகுக்க வேண்டும் என்பதில்தான் பிழை. அந்த ஒன்பதும் நான்கு விரல் அகலத்துக்குள் இருந்தன. ஐந்து ஒரே புரியில். வண்டி ஐந்தாம் தளத்தை அடைந்து உள்ளே திரும்பும் ஒவ்வொரு முறையும் வடத்தின் அதே பகுதிதான் கப்பியின் மேல் வளைந்து, அதே குலுக்கலைத் தாங்குகிறது. வெளியே ஒன்பது தெரிந்தால் உள்ளே தெரியாமல் எத்தனை என்ற கேள்வியும் இருந்தது. பாய் சொன்ன விதியின் இரண்டு எல்லைகளையும் அந்த வடம் தாண்டிவிட்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் வகுத்துக்கொண்டிருந்தேன்.

எந்திரத்தை நிறுத்தினால் புது வடம் வந்து சேர இரண்டு நாளாகும். மேல்தளத்தில் கல் கட்டு வேலை நின்றுபோகும். அக்கா போன்றவர்களுக்கு இரண்டு நாள் கூலி கிடைக்காது. இதுதான் அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்யான காரணம் அல்ல. இத்தகைய காரணங்கள் எனக்கு எப்போதும் எளிதாகக் கிடைத்தன. அதுதான் என் சங்கடம்.

புதன்கிழமை பாய் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், இந்தச் சனிக்கெழம தங்கச்சிக்கு நிக்காஹ், ஆம்பூர்ல. ஒரு வாரம் நா வரலன்னா பரவால்லியா? ரோப்பு எப்டி கீது? டவுட்டு இருந்தா சொல்லுங்க, நாளைக்கே ஓடியாந்து பாத்துட்டுப் போறேன்.”

“ஒரு பிரச்சினையும் இல்ல பாய். நீங்க கல்யாண வேலையைப் பாருங்க.”

“எங்கியாவது குத்துதா?”

“இல்ல.”

“ஆம்பூர்லேர்ந்து பிரியாணி கொண்டாந்தா சாப்புடுவீங்களா, இல்ல அதையும் நோட்டுல எழுதுவீங்களா?”

சிரித்தேன். அந்த ‘இல்ல’ சொல்லளவில் உண்மை. வடம் அப்போது யாரையும் குத்தவில்லை. அந்த ஒரு கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருந்தால் மறுநாள் அவர் வந்திருப்பார், பத்து நிமிடத்தில் வடத்தைக் கழற்றியிருப்பார், என்னை நாலு பேர் முன்னால் கேலி செய்திருப்பார். அந்தக் கேலிக்கும் நான் பயந்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் வடம் அறுந்தது. கல் ஏற்றிய வண்டி ஐந்தாம் தளத்துக்கு வந்து, அக்கா கையை நீட்டிய கணம். தேங்காய் உடைவது போன்ற ஒரு சத்தம், பிறகு கீழே இன்னொரு பெரிய சத்தம். கப்பிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாதென்று பாய் வந்த முதல் வாரமே சிவப்பு ரிப்பன் கட்டி அடைத்துவைத்திருந்த மணல் பரப்பில் வண்டி விழுந்து மடங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மேலே ஓடியபோது அக்கா தரையில் உட்கார்ந்து, நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.

மாலையில் ப்ராஜெக்ட் மேனேஜர் அறையில் விசாரணை. அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அறுந்த முனை மேசையில் ஒரு செய்தித்தாளின் மேல் கிடந்தது, பக்கத்தில் அந்த ஊறுகாய் பாட்டில். ஆம்பூரிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்த பாயை வரவழைத்திருந்தார். வின்ச் ஓட்டுபவர் கதவோரம் நின்றார். நான் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில்.

“இங்க பாருங்க பாய். இதெல்லாம் பிஞ்சது இல்ல. டூல் வெச்சு வெட்டினது, ஷார்ப்பா தெரியுது. ஒன்பது எடத்துல. எதுக்கு வெட்டினீங்க?”

“நா வெட்டல சார். நா பிளேயரே வெக்க மாட்டேன். மடக்கி ஒடிக்கிறதுதான் நம்ம வேல. ஒடிச்சா பாட்டில்ல கெடக்கும்.”

“பாட்டிலைப் பாத்தாச்சு. ரெண்டு துண்டுதான் இருக்கு.”

“அப்ப ரெண்டுதான் சார் நா ஒடிச்சது.”

“மீதி ஒன்பது எங்க போச்சு? யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெட்டி எறிஞ்சா பாட்டில்ல எப்படி இருக்கும்? போன வாரம் விசிட்டும் வரல. இதுக்கு மேல நான் என்ன நினைக்கிறது?”

பாய் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை அல்ல. தொலைபேசியில் பேசியது நானும் அவரும்தான் என்பதால், அந்த இடத்தில் நான் வாய் திறப்பேன் என்ற இயல்பான எதிர்பார்ப்பு. வின்ச் ஓட்டுபவரும் என்னைத்தான் பார்த்தார். வீட்டில் மூன்று பேருக்குச் சோறு போடுபவர். எனக்கு எதிராக அவர் பேசுவதற்கில்லை. ஒரு மனிதர் உண்மையாக வேலை செய்தார் என்பதற்கு அடையாளமாக வைத்திருந்த பாட்டில், அவர் பொய்யர் என்பதற்குச் சாட்சியாக மேசைமேல் நின்றது. அதை அப்படி மாற்றியவள் நான். நான் என் பேனாவின் மூடியைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

“மேடம் கிட்ட போன்ல கேட்டேன் சார்,” என்றார் பாய்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “வரலன்னு சொன்னாரா?”

“சொன்னார்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுவும் சொல்லளவில் உண்மை.

அன்றே ஒப்பந்தம் முறிந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு தளத்தின் செய்தி அடுத்த தளத்துக்குப் போய்ச்சேர ஒரு டீ நேரம் போதும். பத்து நாளில் அவருடைய மற்ற ஐந்து தளங்களில் மூன்று அவரை நிறுத்திவிட்டன. கம்பியை வெட்டி மறைக்கிற ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் தொழிலில் அதைவிடக் கேவலமான பேச்சு இல்லை.

அன்று நான் மௌனமாக இருந்ததற்கும் என்னிடம் காரணங்கள் இருந்தன. நான் வெட்டச் சொன்னேன் என்று தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பின் வருபவர் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிக் கவலைப்படுவாரா? தகரக் கூரையைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் யார் கேட்பார்கள்? ஒருவருடைய ஒப்பந்தம் ஒரு பக்கம், நாற்பது பேருடைய நலன் இன்னொரு பக்கம். இப்படி எடைபோட்டேன். தராசின் முள்ளைப் பிடித்திருந்தது என் விரல்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்பது பேரில் ஒருவரிடமாவது, உங்களுக்காக நான் இப்படிச் செய்திருக்கிறேன் என்று சொல்லிப்பார்க்க எனக்குத் துணிவு இருந்திருக்குமா?

சொல்ல வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. மூன்றாம் வாரம் கைக்கட்டைப் பிரிக்க வந்த அக்கா, காயத்தை நான் துடைத்துக்கொண்டிருக்கையில் சொன்னார்.

“பாயி இப்ப சந்தைல கீறாரு, வெள்ளிக்கெழமல. மச்சான் கடைல பழைய சாமானு விக்கிறாரு. மீன் கத்தி தீட்டலாம்னு போனேன், பாத்தேன்.”

நான் பஞ்சை மறுபடி மருந்தில் நனைத்தேன்.

“நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன் கண்ணு. எங்கையி கிழிஞ்சதுக்காவத்தான வெட்டச் சொன்ன. நானே போயி பெரிய சார் கிட்ட சொல்லலாம்னு பாத்தா, அந்தம்மா நம்மள நல்லா பாத்துகினாளே, நாம போயி காட்டிக் குடுக்கறதான்னு வாய மூடிகினேன். இப்ப எனக்கும் ராவுல தூக்கம் வரல. ஒன்னால நானும் கெட்டுப்போனேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆறிப்போச்சு,” என்று சொல்லி எழுந்து போனார்.

மறுநாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “ரிப்போர்ட் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சும்மா. புது ஆளும் வந்தாச்சு. இப்ப இதைக் கிளறினா எல்லாருக்கும் கஷ்டம். நல்ல எண்ணத்துலதானே பண்ணீங்க, விடுங்க,” என்றார். வெளியே வந்து படியில் இறங்கும்போது என் உடம்பு இலேசானது. கடமை முடிந்தது, வேலையும் போகவில்லை. அந்த நிம்மதியை இங்கே எழுதும்போது, பேனா மூடியைத் திருகிய கணத்தைவிட அதிகமாகக் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தொழுகை முடிந்த நேரம். பழைய கப்பிகளும் சங்கிலிகளும் ஸ்பேனர்களும் பரப்பிய தார்ப்பாயின் பின்னால் பாய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“இன்னா மேடம், ஸ்பேனரா, ஸ்க்ரூ டிரைவரா?”

“பாய், அந்தக் கம்பியை வெட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியும்.” ஒருவருக்கு ஒரு பூட்டை எடுத்துக் காட்டிக்கொண்டே சொன்னார். “அந்தண்ணன் பிளேயர்ல வாயி ஒரு எடத்துல உடைஞ்சு போயி கீது. வெட்டின கம்பில அந்த அச்சு அப்டியே கீது. மேஜ மேல பாத்தப்பவே புரிஞ்சுட்சு. அவுரு தானா வெட்டுற ஆளு இல்ல.”

“அப்போ ஏன் சொல்லல?”

“சொன்னா அந்தண்ணன் வேல போவும். நீங்க வெட்டச் சொன்னீங்கன்னு எங்கிட்ட ப்ரூஃப் இன்னா கீது? நீங்கதான் அங்க வாயத் தொறக்கவே இல்லியே.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பூட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“அத்த வெச்சுகினு நா இன்னா பண்றது மேடம். ஒண்ணு பண்ணுங்க. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனாண்ட ஒரு சைட்டு, எனக்கு அதுதான் பெருசு. அங்க இஞ்சினீயர் சாராண்ட வந்து சொல்லுங்க. அவுரு சேத்துகினா மத்தவங்க தானா சேத்துப்பாங்க.”

“வர்றேன். ஞாயிற்றுக்கிழமை...”

“ஞாயித்துக்கெழம சைட்டு லீவு. இன்னிக்கு நாலு மணி வரிக்கும் கீறாரு.”

அவர் ஸ்கூட்டரில் போனார். பின்னால் ஏறச் சொல்லவில்லை. நான் தாம்பரம் போய், அங்கிருந்து வேளச்சேரி பஸ்ஸில் ராஜகீழ்ப்பாக்கம் சேர்ந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாக்கியங்களாக அடுக்கிக்கொண்டே போனேன். தளத்து வாசலில் பாய் காத்திருந்தார்.

இன்ஜினீயர் நாற்பது வயதுக்காரர். உட்காரச் சொன்னார். பாய் நின்றார். நான் ஆரம்பித்தேன்: எங்கள் தளத்தில் ஒரு தகவல் பரிமாற்றக் குறை நேர்ந்துவிட்டது, பராமரிப்பு நடைமுறையில் சில இடைவெளிகள் இருந்தன, அதில் இவருடைய பங்கு பற்றித் தவறான புரிதல் ஏற்பட்டிருக்கலாம். மூன்று வாக்கியங்கள். பஸ்ஸில் நான் அடுக்கிய வாக்கியங்கள் அல்ல இவை. வாயைத் திறந்ததும் இவைதான் வந்தன. இன்ஜினீயர் முகத்தில் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை.

“சார்,” என்றார் பாய். “வெட்டச் சொன்னது இவுங்க. நா போன்ல கேட்டேன், ஒண்ணும் இல்லன்ட்டாங்க. நாலு பேரு முன்னால எம்மேல போட்டப்ப கம்முனு குந்திகினு இருந்தாங்க. அவ்ளோதான் மேட்டரு.”

இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். “அப்படியா மேடம்?”

தலையாட்டினேன்.

“வாயால சொல்லுங்க. இவரை நான் மறுபடி உள்ள விடணும்.”

“ஆமாம். நான்தான் வெட்டச் சொன்னேன். பாய்க்கு அது தெரியாது.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

கழிப்பறை, தகரக் கூரை, நாற்பது பேர் எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தன. பாய் பக்கத்தில் நிற்கையில் அவற்றைச் சொல்ல முடியவில்லை.

“பயம்,” என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, அதையே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போனபோது தடுத்தார்: “கம்பெனி பேர் வேணாம், உங்க பேர் போதும்.” கையெழுத்திட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டுப் பாயிடம் நீட்டினார்.

“திங்கட்கிழமை வாங்க. ரெண்டு மாசமா ஒரு ரோப் மேல சந்தேகம் இருக்கு.”

“காலைல ஏழு மணிக்கு வந்துர்றேன் சார்.”

வெளியே வந்ததும் பாய் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இத்த ஜெராக்ஸ் எட்து மத்த ரெண்டு சைட்டுக்கும் குடுப்பேன் மேடம்.”

“குடுங்க பாய்.”

“உங்க சைட்டுக்கும் ஒண்ணு குடுப்பேன்.”

ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை அவர் பார்த்தார்.

“குடுங்க,” என்றேன்.

அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“தாம்பரம் பஸ்ஸு எதிர்ப்பக்கம் நிக்கும் மேடம். பாத்து க்ராஸ் பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.